பிரேயர் பெல் அடித்தபோது எழுந்து நிற்காத மாணவன்! - அமெரிக்கப் பள்ளிகளை மாற்றிய பிரார்த்தனை வழக்குகள்

1956, நவம்பர் 26, திங்கள்கிழமை காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியா நகரை ஒட்டியிருக்கும் அபிங்டன் என்ற ஊர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் அன்றும் வழக்கம்போல பைபிளிலிருந்து 10 வசனங்கள் வாசிக்கப்பட்டன. அது மாநிலச் சட்டம். ஒவ்வொரு நாளும் வகுப்பு தொடங்கும் முன் குறைந்தது 10 வசனங்கள், விளக்கம் எதுவும் சொல்லாமல் வாசிக்கப்பட வேண்டும். அது முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று பரமண்டல ஜெபத்தைச் சொல்வார்கள்.

எல்லெரி ஷெம்ப் என்ற 16 வயது மாணவர் அன்று ஒரு புத்தகத்தைத் திறந்துவைத்து மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அது நண்பரிடம் இரவல் வாங்கிய குர்ஆன். எல்லெரி முஸ்லிம் அல்ல. அவருடைய குடும்பம் யூனிடேரியன் என்ற சிறிய சமயப் பிரிவைச் சேர்ந்தது. `பைபிளை வாசிக்கலாம் என்றால், இதை ஏன் வாசிக்கக் கூடாது?' என்பதுதான் அவருடைய கேள்வி. ஜெபம் தொடங்கியது, வகுப்பே எழுந்து நின்றது. அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியர் அவரை அலுவலகத்துக்கு அனுப்பினார். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போன எல்லெரி, அப்பாவின் டைப்ரைட்டரை எடுத்துவைத்து, அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கத்துக்கு ஒரு கடிதம் அடித்தார். கூடவே 10 டாலர் நன்கொடை. அந்தக் கடிதம் ஏழு வருடங்கள் கழித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்து நின்றது.

அதற்குள் எல்லெரி பள்ளியையே முடித்துவிட்டார் என்பது வேறு விஷயம்!

பள்ளியில் பிரேயர் என்பது நம்மில் பலருக்கும் வெயிலில் வரிசையாக நின்ற ஞாபகம். யாராவது மயங்கி விழுவார்கள், யாராவது கண்ணை மூடியபடி பக்கத்தில் நிற்பவனைக் கிள்ளுவார்கள். அதில் வழக்கு போட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அமெரிக்காவில் 60 வருடங்களுக்கும் மேலாக அந்தச் சண்டை ஓயவில்லை. ஜனாதிபதிகள் பேசியிருக்கிறார்கள், அரசியலமைப்பையே திருத்தப் பார்த்திருக்கிறார்கள், ஒரு வீட்டு வாசலில் சிலுவை எரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் விவகாரத்தின் நடுவில் நின்றது ஒரு குடும்பமும் அதன் பிள்ளைகளும்தான்.

அரசு எழுதிய பிரார்த்தனை

எல்லெரி கடிதம் எழுதியது முதலில் என்றாலும், உச்ச நீதிமன்றத்தை முதலில் எட்டிய வழக்கு நியூயார்க்கிலிருந்து வந்தது.

1951-ல் நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் ஒரு காரியம் செய்தது. எந்த மதத்துக்கும் உறுத்தாத ஒரு பொதுப் பிரார்த்தனையை அதுவே எழுதியது. ஆங்கிலத்தில் மொத்தம் 22 வார்த்தைகள். எல்லாம் வல்ல இறைவனை நம்பியிருக்கிறோம். எங்களையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் நாட்டையும் ஆசீர்வதிக்க வேண்டும் என்று சாரம். அதில் இயேசு பெயர் இல்லை, மோசே பெயர் இல்லை. இதில் யாருக்கு என்ன பிரச்னை வரப்போகிறது என்றுதான் வாரியம் நினைத்திருக்கும்.

காலகட்டத்தையும் பார்க்க வேண்டும். சோவியத் யூனியனோடு பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். `கடவுள் இல்லை என்கிற கம்யூனிஸ்டுகள் அவர்கள். நாம் அப்படியல்ல' என்று காட்டிக்கொள்ள அமெரிக்கா துடித்த காலம். தேசிய உறுதிமொழியில் கடவுளின் பெயர் சேர்க்கப்பட்டது 1954-ல். `கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் அதிகாரபூர்வ தேசிய முழக்கம் ஆனது 1956-ல். இந்த 22 வார்த்தைப் பிரார்த்தனை அந்தக் காற்றில் பிறந்த குழந்தை.

நியூயார்க்கின் லாங் ஐலேண்ட் பகுதியில் நியூ ஹைட் பார்க் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம், 1958-ல் இந்தப் பிரார்த்தனையை ஏற்றுக்கொண்டது. லாரன்ஸ் ராத் என்ற தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தன்னைப் போல நினைக்கும் பெற்றோர் இருந்தால் வரலாம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். கடைசியில் நீதிமன்றம் வரை போகத் துணிந்தது ஐந்து குடும்பங்கள். 10 மாணவர்களின் பெற்றோர். யூதர்களும் இருந்தார்கள், யூனிடேரியனும் இருந்தார், கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் இருந்தார். அவர்களில் ஒருவரான ஸ்டீவன் ஏங்கலின் பெயர் முதலில் வந்ததால், `ஏங்கல் எதிர் விட்டாலே' என்பது வழக்கின் பெயரானது. விட்டாலே என்பவர் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர்.

பள்ளித் தரப்பின் வாதம் எளிமையானது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பமில்லாத பிள்ளை சும்மா நிற்கலாம், வகுப்பைவிட்டு வெளியேகூடப் போகலாம். பிறகென்ன?

கீழ் நீதிமன்றங்கள் இதை ஒப்புக்கொண்டன. ஆனால், 1962 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 6-1 என்ற கணக்கில் வேறு மாதிரி சொன்னது. (மொத்தம் ஒன்பது நீதிபதிகள். ஒருவர் உடல்நலக் குறைவு, ஒருவர் புதிதாக வந்தவர், இருவரும் கலந்துகொள்ளவில்லை.) தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹ்யூகோ பிளாக். தேவாலயத்தில் வருடக்கணக்கில் ஞாயிறு பள்ளி வகுப்பெடுத்தவர். பைபிளை அறியாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மக்கள் என்ன சொல்லிப் பிரார்த்திக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை அல்ல. இங்கிலாந்தில் பிரார்த்தனைப் புத்தகத்தை அரசு தீர்மானித்ததால் நிகழ்ந்த சண்டைகளிலிருந்து தப்பித்தான் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். 1791-ல் கொண்டுவந்த முதல் சட்டத்திருத்தம், அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்று சொல்கிறது. பிரார்த்தனை எவ்வளவு பொதுவானது, எவ்வளவு சின்னது, கட்டாயமா இல்லையா என்பதெல்லாம் பிறகு வரும் கேள்விகள்.

எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட். அவருடைய வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. இந்த உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு நாளும் கூடும்போது, கடவுள் இந்த நீதிமன்றத்தைக் காக்கட்டும் என்றுதானே அழைப்பாளர் அறிவிக்கிறார்? நாணயத்தில் கடவுள் பெயர் இருக்கிறதே? பிரார்த்திக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கொடுத்தால், அது எப்படி மதத்தை நிறுவுவதாகும்? இந்தக் கேள்விகளுக்கு இன்று வரை திருப்தியான பதிலை யாரும் சொல்லிவிட்டதாகத் தெரியவில்லை.

வாசலில் எரிந்த சிலுவை

தீர்ப்பு வந்த அன்றே நாடு கொந்தளித்தது. முன்னாள் ஜனாதிபதி ஹூவர் கண்டித்தார். நியூயார்க் கார்டினல் ஸ்பெல்மேன் அதிர்ச்சி தெரிவித்தார். அலபாமாவைச் சேர்ந்த ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விட்டவர்கள் இப்போது கடவுளை வெளியே துரத்திவிட்டார்கள் என்ற பொருளில் பேசினார். எட்டு வருடங்களுக்கு முன்பு பள்ளிகளில் இனப் பாகுபாட்டை ஒழித்ததும் இதே நீதிமன்றம். இரண்டு கோபங்களும் சேர்ந்துகொண்டன.

ஜனாதிபதி ஜான் கென்னடி மட்டும் நிதானமாகப் பேசினார். ஜூன் 27 அன்று பத்திரிகையாளர் சந்திப்பில் கேள்வி எழுந்தபோது, இதற்கு மிக எளிதான மாற்று வழி நம்மிடமே இருக்கிறது என்றார். வீட்டில் இன்னும் அதிகமாகப் பிரார்த்திக்கலாம், தேவாலயத்துக்கு இன்னும் ஒழுங்காகப் போகலாம் என்பது அவர் யோசனை. அவர் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதி. எவ்வளவு கவனமாக வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று யூகிக்கலாம்.

வழக்கு போட்ட குடும்பங்களுக்கோ நிதானமெல்லாம் கிடைக்கவில்லை. மிரட்டல் போன்கள், வசைக் கடிதங்கள். ராத் குடும்பத்தின் வீட்டு வாசலில் பெட்ரோல் ஊற்றிய சிலுவையைக் கொளுத்தினார்கள். அமெரிக்காவில் எரியும் சிலுவை என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கு க்ளக்ஸ் க்ளான் கும்பல் கறுப்பினத்தவரை மிரட்டப் பயன்படுத்திய அடையாளம் அது. தன் பிள்ளைகள் எதைப் பிரார்த்திக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்ய விரும்பிய ஒரு தகப்பனுக்கு, நியூயார்க் புறநகரில் அது கிடைத்தது.

`வெளியே போய் நில்!'

இப்போது மறுபடியும் எல்லெரி ஷெம்ப்.

அவருடைய வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, பென்சில்வேனியா அரசு சாமர்த்தியமாக ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால், பிள்ளைக்கு பைபிள் வாசிப்பிலிருந்து விலக்கு கிடைக்கும். எல்லெரி பள்ளியை முடித்துவிட்டதால் அவருடைய தம்பியும் தங்கையும் வழக்கைத் தொடர்ந்தார்கள். `அதான் விலக்கு இருக்கிறதே, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே?' என்று அப்பா எட்வர்ட் ஷெம்ப்பிடம் நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது.

அவர் சொன்ன பதிலை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. விலக்கு கேட்பதைப் பற்றி அவரும் யோசித்திருக்கிறார். ஆனால், கேட்டால் ஆசிரியர்களும் சக மாணவர்களும் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். கோமாளிகள் என்று முத்திரை குத்துவார்கள். நாத்திகன் என்பார்கள், அந்தக் காலத்தில் நாத்திகன் என்றாலே கம்யூனிஸ்ட், கம்யூனிஸ்ட் என்றாலே தேசத்துரோகி. அப்புறம் இன்னொன்று சொன்னார். வாசிப்பு நடக்கும்போது பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிற்க வேண்டும். வராந்தாவில் நிற்பவன் யார்? தப்பு செய்து தண்டனை வாங்கியவன்.

பள்ளியில் படித்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. வகுப்புக்கு வெளியே நிற்கும் பையனைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள், அவன் எந்தச் சட்டப்பிரிவின் கீழ் நிற்கிறான் என்று விசாரித்துவிட்டுப் போவதில்லை.

1963 ஜூன் 17 அன்று தீர்ப்பு. 8-1. பால்டிமோரைச் சேர்ந்த இன்னொரு வழக்கையும் சேர்த்து விசாரித்த நீதிமன்றம், அரசுப் பள்ளியில் வழிபாடாக பைபிள் வாசிப்பதும் ஜெபம் சொல்லவைப்பதும் செல்லாது என்றது. நீதிபதி டாம் கிளார்க் எழுதிய தீர்ப்பில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு பகுதி உண்டு. பைபிளை இலக்கியமாக, வரலாறாகப் பாடம் நடத்தத் தடையில்லை. மதங்களை ஒப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கலாம். மதம் பற்றிப் படிப்பது வேறு, மதத்தைக் கடைப்பிடிக்கவைப்பது வேறு.

பால்டிமோர் வழக்கின் கதை தனி நாவலுக்கே போதும். வழக்கு போட்டவர் மேடலின் மர்ரே என்ற நாத்திகப் பெண்மணி. யாருக்காக வழக்கோ, அந்த மகன் வில்லியம் பின்னாளில் கிறிஸ்துவராகி, பள்ளிகளில் பிரார்த்தனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பிரசாரமே செய்தார். எல்லெரி இயற்பியலாளர் ஆனார், எம்.ஆர்.ஐ ஸ்கேன் தொழில்நுட்பத்தில் வேலை பார்த்தார்.

ஒரு நிமிட மௌனம்

பிரார்த்தனை கூடாது என்றால் மௌனம்? தென் மாநிலங்கள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. அலபாமாவில் 1978-ல் தியானத்துக்காக ஒரு நிமிட மௌனம் என்று சட்டம் வந்தது. அதில் சிக்கல் எழவில்லை. 1981-ல் `தியானம் அல்லது தன்னார்வப் பிரார்த்தனை' என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தார்கள். அடுத்த வருடம், ஆசிரியரே பிரார்த்தனையை நடத்தலாம் என்று இன்னொரு சட்டம்.

இஸ்மாயில் ஜாஃப்ரி என்ற வழக்கறிஞர், சின்ன வகுப்புகளில் படித்த தன் பிள்ளைகளுக்காக வழக்கு போட்டார். பிரார்த்தனையில் சேராத பிள்ளைகளை மற்ற பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள் என்பது அவர் புகார். முதலில் விசாரித்த நீதிபதி, உச்ச நீதிமன்றமே இத்தனை வருடங்களாகச் சட்டத்தைத் தப்பாகப் படித்துக்கொண்டிருக்கிறது என்று தீர்ப்பு எழுதினார்! கீழ் நீதிமன்ற நீதிபதிக்கு இவ்வளவு துணிச்சல் வருவது அபூர்வம். 1985-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று சட்டத்தை ரத்து செய்தது. மௌனம் அல்ல பிரச்னை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டரே, பிரார்த்தனையைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவருவதைத் தவிர வேறு நோக்கம் தனக்கு இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டார். அதன்பின் மாநில அரசு எதைச் சொல்லி வாதாடுவது?

இதற்கு நடுவில் அரசியலமைப்பையே திருத்தும் முயற்சியும் நடந்தது. ஜனாதிபதி ரீகன் 1982-ல் முன்மொழிந்தார். 1984-ல் செனட் வாக்கெடுப்பில் ஆதரவு 56, எதிர்ப்பு 44. பெரும்பான்மைதான். ஆனால், திருத்தத்துக்கு 67 வேண்டும். 11 ஓட்டில் போயிற்று.

ரப்பியை அழைத்தும் தீராத சிக்கல்

ரோட் ஐலேண்டின் பிராவிடன்ஸ் நகரில் வெய்ஸ்மன் என்ற யூதக் குடும்பம். 1986-ல் மூத்த மகளின் நடுநிலைப் பள்ளிப் பட்டமளிப்பு விழாவில், மேடையேறிய பாப்டிஸ்ட் போதகர் இயேசுவுக்கு நன்றி சொல்லும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார். பெற்றோர் பள்ளியிடம் வருத்தத்தைத் தெரிவித்தார்கள். 1989-ல் இளைய மகள் டெபராவின் பட்டமளிப்பு. அப்போது அவருக்கு 14 வயது. இந்த முறை பள்ளி ஒரு சமரசம் செய்தது. யூத மதகுருவான ரப்பியை அழைத்தது.

பள்ளியின் நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. ஆனால், அப்பா டேனியல் வெய்ஸ்மன் வழக்கைக் கைவிடவில்லை. தங்கள் மதத்துப் பிரார்த்தனை மேடையேறியதால் பிரச்னை முடிந்துவிடாது என்பது அவர் நிலை. நேற்று அவர்கள் உட்கார்ந்திருந்த சங்கடமான நாற்காலியில் இன்று இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதானே? இந்த மொத்த வரலாற்றிலும் நேர்மையான வாதம் எது என்று கேட்டால், இதைச் சொல்லலாம். தன் கட்சி ஜெயித்தபோதும் ஆட்டத்தின் விதியைக் கேள்வி கேட்க எல்லோராலும் முடியாது.

1992 தீர்ப்பு 5-4. எழுதியவர் நீதிபதி அந்தோணி கென்னடி. முதலில் பள்ளிக்குச் சாதகமாக எழுதத் தொடங்கி, நடுவில் மனம் மாறியவர் அவர் என்பது, சக நீதிபதி பிளாக்மன்னின் குறிப்புகள் வெளியானபோதுதான் தெரிந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு வருவது கட்டாயமில்லை என்றது பள்ளி. தீர்ப்போ, வாழ்நாளில் ஒரு முறை வரும் விழாவுக்கு வராமல் இரு என்று ஒரு மாணவியிடம் சொல்வதே கட்டாயம்தான் என்றது. பிரார்த்தனையின்போது எல்லோரும் எழுந்தால் வளரிளம் வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்தால், சம்மதித்ததாக அர்த்தம். இது சட்டமா, மனோதத்துவமா என்று நீதிபதி ஸ்கலியா மாற்றுத் தீர்ப்பில் கிண்டலடித்தார்.

2000-ல் டெக்சாஸ். சாண்டா ஃபே என்ற ஊரில் பள்ளிக் கால்பந்துப் போட்டிக்கு முன் மைக்கில் பிரார்த்தனை. ஆசிரியர் சொன்னால்தானே தப்பு. மாணவர்களே ஓட்டு போட்டு, மாணவரே சொல்லட்டும் என்றது நிர்வாகம். 6-3 என்று அதுவும் விழுந்தது. ஓட்டெடுப்பில் சிறுபான்மை எப்படி ஜெயிக்கும் என்பது நீதிமன்றத்தின் கேள்வி. இதில் கவனிக்க வேண்டியது, வழக்கு போட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர். ஒரு குடும்பம் கத்தோலிக்கர், இன்னொன்று மார்மன். இருவரும் கிறிஸ்துவர்கள்; ஆனால், அந்த ஊரில் பெரும்பான்மை பாப்டிஸ்ட். கடைசி வரை அவர்கள் பெயர் வெளியாகவில்லை. யார் என்று கண்டுபிடிக்கப் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களே முயல்வதாகப் புகார் எழுந்து, விசாரணை நீதிபதி கடுமையாக எச்சரிக்க வேண்டியிருந்தது.

கேரளம் வரை வந்த ஒரு தீர்ப்பு

இந்த அமெரிக்க வழக்குகளுக்கு இந்தியாவோடு ஓர் உண்மையான தொடர்பு உண்டு. பிரார்த்தனை வழக்குகளுக்கெல்லாம் முந்தையது, கொடி வணக்க வழக்கு. கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த யெகோவாவின் சாட்சிகள் பிரிவுப் பிள்ளைகளைப் பள்ளியைவிட்டு நீக்கியது சரியே என்று 1940-ல் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம், மூன்றே வருடங்களில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அதை மாற்றி எழுதியது.

1985-ல் கேரளத்தில் இதே பிரிவைச் சேர்ந்த, 10, 9, 5-ம் வகுப்புகளில் படித்த உடன்பிறந்த மூவர், காலை வணக்கக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால், பாடவில்லை. சட்டமன்றத்தில் விவகாரம் கிளம்பி, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த 1943 அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்று நம் அரசியலமைப்பின் 28-வது பிரிவு சொல்கிறது. காலைப் பிரார்த்தனை மத போதனையா? கேந்திரிய வித்யாலயா பள்ளிகளின் பிரார்த்தனையை எதிர்த்த வழக்கு அந்தக் கேள்வியோடுதான் வந்தது. 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதைக் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியது.

மைதானத்தின் நடுவில் மண்டியிட்ட கோச்

அமெரிக்காவில் காற்று திசை மாறியது 2022-ல்.

வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமெர்டன் நகர உயர்நிலைப் பள்ளியில் ஜோசப் கென்னடி உதவி கால்பந்துப் பயிற்சியாளர். முன்னாள் ராணுவ வீரர். 2008-லிருந்து ஒவ்வொரு போட்டி முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்வார். முதலில் தனியாக. பிறகு வீரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். எதிரணி வீரர்களும் சேர்ந்தார்கள். ஏழு வருடங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேறொரு பள்ளியைச் சேர்ந்தவர் அதைப் பாராட்டிப் பேசியபோதுதான் நிர்வாகத்துக்கு விஷயமே தெரியவந்தது! பாராட்டே வினையாகிப்போனது.

2015-ல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. தனியாகப் பிரார்த்திக்க வேறு இடம் தருகிறோம் என்றது. அவர் மறுத்தார். செய்தி பரவி, ஒரு போட்டி முடிந்ததும் கூட்டம் வேலி தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது. `அவருக்கு அனுமதி என்றால் எங்களுக்கும் வேண்டும்' என்று சாத்தான் ஆலயம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பும் வந்து நின்றது. கடைசியில் அவர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்.

2022 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் கோச்சுக்குச் சாதகமாக 6-3 என்று சொன்னது. வீட்டில் பிரார்த்தியுங்கள் என்று ஜான் கென்னடி சொல்லிச் சரியாக 60 வருடங்கள். நீதிபதி நீல் கோர்சச்சின் பார்வையில், இது பணி முடிந்தபின் ஒரு தனிமனிதர் அமைதியாகச் செய்த பிரார்த்தனை. அதைத் தடுப்பது மத சுதந்திரத்தையும் பேச்சு சுதந்திரத்தையும் மீறுவது. நீதிபதி சோனியா சோட்டோமேயர் மாற்றுத் தீர்ப்பில் புகைப்படங்களையே ஒட்டினார். மண்டியிட்ட மாணவர்கள் சூழ்ந்திருக்க, நடுவில் ஹெல்மெட்டை உயர்த்திப் பிடித்து நிற்கிறார் கோச். இதிலே தனிமை எங்கே, அமைதி எங்கே என்பது அவர் கேள்வி. ஒரே சம்பவத்தைப் பார்த்தவர்கள் இரண்டு வேறு சம்பவங்களை எழுதியது போலிருக்கும், இரண்டையும் சேர்த்துப் படித்தால்.

வழக்கு ஆவணங்களில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. ஒரு வீரரின் தந்தை பள்ளியிடம் சொன்னது. அவர் மகனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும், மண்டியிடும் வட்டத்தில் சேர்ந்துகொண்டான். சேராவிட்டால் ஆட வாய்ப்பு குறைந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பையனை யாரும் மிரட்டவில்லை. யாரும் `வா' என்றுகூடக் கூப்பிடவில்லை. ஆனால், அணியில் யார் ஆட வேண்டும் என்பதில் கோச்சின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. 1992 தீர்ப்பின் கண்ணால் பார்த்தால் இதுவே கட்டாயம். 2022 தீர்ப்பு அதை அப்படிப் பார்க்கவில்லை. அதுதான் இந்தத் தீர்ப்பின் பலவீனமான இடம். உயர்நிலைப் பள்ளி அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எவரையும் கேட்டால் சொல்வார்கள்.

இதனால் ஏங்கல் தீர்ப்போ ஷெம்ப் தீர்ப்போ ரத்தாகிவிடவில்லை. இன்றும் அமெரிக்க அரசுப் பள்ளியில் ஆசிரியர் வகுப்பை எழுப்பி ஜெபம் சொல்லவைக்க முடியாது. மாணவர் தானாகப் பிரார்த்திக்க என்றைக்குமே தடை இருந்ததில்லை. சாப்பாட்டு மேசையில் கண் மூடலாம், இடைவேளையில் நண்பர்களோடு கூடலாம், பள்ளி முடிந்தபின் பைபிள் வாசிப்புக் குழு நடத்தலாம். இதற்கு 1984-ல் தனிச் சட்டமே இருக்கிறது. கணக்குப் பரீட்சை இருக்கும் வரை பள்ளியில் பிரார்த்தனையும் இருக்கும் என்று அமெரிக்காவில் ஒரு ஜோக்கே உண்டு.

கோச் கென்னடி 2023 செப்டம்பர் 1 அன்று மைதானத்துக்குத் திரும்பினார். ஒரே ஒரு போட்டி. முடிந்ததும் நடுக்கோட்டுக்கு நடந்துபோய்த் தனியாக மண்டியிட்டார். சில நாள்களில் ராஜினாமா செய்துவிட்டார். அதற்குள் அவர் ஃப்ளோரிடாவில் குடியேறியிருந்தார். பள்ளி நிர்வாகம், அவர் தரப்பு வழக்கறிஞர் செலவுக்காகச் சுமார் 17 லட்சத்து 75 ஆயிரம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

அடுத்த அலை ஏற்கெனவே வந்துவிட்டது. 2024 ஜூனில் லூசியானா மாநிலம், ஒவ்வோர் அரசுப் பள்ளி வகுப்பறையிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. குறைந்தது 11-க்கு 14 அங்குல அளவு, எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது வரை சட்டத்தில் இருக்கிறது. கென்டக்கியில் இதேபோல ஒரு சட்டத்தை 1980-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால், 2022-க்குப் பிறகு பழைய அளவுகோல் நிற்குமா என்று சோதித்துப் பார்க்கும் துணிச்சல் மாநிலங்களுக்கு வந்திருக்கிறது. சட்டம் கையெழுத்தான சில நாள்களிலேயே ஒன்பது குடும்பங்கள் நீதிமன்றம் போயின. யூதர்கள், கிறிஸ்துவர்கள், மத நம்பிக்கை இல்லாதவர்கள் என்று கலவையான பட்டியல். அதில் முதலில் இருக்கும் பெயர் ஒரு பெண்ணுடையது. அவர் ஒரு மதபோதகர். எல்லெரி ஷெம்ப்பின் குடும்பத்தைப் போலவே யூனிடேரியன்.